அது பாட்டுக்கு அறுக்கும்

கேட்டுக்காரர் பகலெல்லாம் வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகுதான் தையல்காரம்மாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருடங்களாக அவள் குடும்பம் நடத்தியது ஒரு மனிதரோடு அல்ல, பின்பக்க ஷெட்டிலிருந்து வரும் ஒரு சத்தத்தோடு. சர்ரக், சர்ரக் என்று ரம்பம் இரும்பை அறுக்கும் சத்தம். அது கேட்டால் அவர் இருக்கிறார். நின்றால் சாப்பிட வருகிறார். நடுவில் உட்கார்ந்து பேச இருவருக்கும் நேரம் இருந்ததில்லை, அப்படி ஒரு ஆசை இருந்ததாகவும் யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தத் தெருவில் அவர்களுக்குப் பெயர் வைத்ததே தொழில்தான். பாதி வீடுகளின் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் கைவேலை, அதனால் அவர் கேட்டுக்காரர். பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து திரைச்சீலை வரை அவள் தைத்தது, அதனால் அவள் தையல்காரம்மா. முன்னறையில் அவளுடைய மெஷின், பின்னால் அவருடைய ஷெட், நடுவே சமையலறை. பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அவரவர் எல்லையில் அவரவர் ராஜாங்கம்.

பிறகு ஒரு வீட்டில் கேட் மாட்டப் போனபோது ஏணி சறுக்கி அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பிடிதான் கூடவில்லை. டம்ளரைப் பிடிக்கலாம், சட்டைக்குப் பொத்தான் போடலாம். எதையாவது அழுத்தித் தள்ளினால் மட்டும் கை சொன்ன பேச்சைக் கேட்காமல் தொய்ந்துவிடும். "எல்லா வேலையும் பாருங்க, இரும்பு மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான். இவருக்கு எல்லா வேலையும் என்றாலே இரும்புதான் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

முதல் சில வாரங்கள் கேட்டுக்காரர் வீட்டைத் திருத்தப் புறப்பட்டார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். முன்பு வாசல் கேட் கிறீச்சிடுவதை வைத்துத்தான் வாடிக்கை வருவதை அவள் தெரிந்துகொள்வாள். இப்போது ஆட்கள் பூனை மாதிரி வந்து பின்னால் நின்று அவளைத் தூக்கிவாரிப் போட வைத்தார்கள். சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கியதில் டீத்தூள் இருந்த இடத்துக்கு உப்பு வந்தது. அளவு கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம், "தோள்பட்டை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கே, லெவல் பாத்தீங்களா?" என்று கேட்டுவைத்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவேயில்லை.

"உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், எங்கயாவது போங்களேன்" என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள் தையல்காரம்மா. சொன்னதற்காகப் பிறகு நொந்துகொண்டாள். ஏனென்றால் அவர் உண்மையிலேயே போய்விட்டார். எங்கே? முன்னறை மூலையிலிருந்த நாற்காலிக்கு. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர் குறை சொல்வதை விட்டார். டப்பாக்களை அவள் பழையபடி மாற்றி வைத்தாள், கண்டுகொள்ளவில்லை. வேண்டுமென்றே உயரம் தாறுமாறாக அடுக்கிப் பார்த்தாள், அதற்கும் ஒன்றுமில்லை. குறை சொல்லும் மனிதரோடு எப்படியும் காலம் தள்ளிவிடலாம். குறை சொல்வதையே நிறுத்திவிட்ட மனிதரை என்ன செய்வது?

ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர், பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார்.

"ஏம்மா, அந்த வைஸு, வெல்டிங் செட்டு, சுத்தியல் எல்லாத்தையும் அடுத்த தெருப் பட்டறைக்காரர் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். ஷெட்ட ஒழிச்சுட்டா நீ துணி காயப்போட்டுக்கலாம்."

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸ், கல்யாணமான புதிதில் அவர் வாங்கிய முதல் சாமான். இந்த வீட்டில் கட்டிலுக்கு முன்பே வைஸ் வந்துவிட்டது. அது போய்விட்டால் மனிதரும் போன மாதிரிதான், உடம்பு மட்டும் அந்த நாற்காலியில் மிச்சம் இருக்கும். இது தையல்காரம்மாவுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"மழை விடட்டும், அப்புறம் வரச் சொல்லலாம்" என்று சொல்லி வைத்தாள். மழை அப்போது தூறல் அளவில்தான் இருந்தது.

அவளுடைய தம்பி பழைய இரும்புக் கடை வைத்திருந்தான். மறுநாள் அவள் குடையோடு போய் நின்றதும் அவன் தராசைத் துடைத்துக்கொண்டே வரவேற்றான்.

"வாக்கா. மாமாவ எடைக்குப் போட வந்தியா?"

"போட்டா உன் தராசு தாங்காதுடா. விளையாடாத. கையால தள்ளாம இரும்ப அறுக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"கட்டிங் வீல் இருக்கே. வெண்ணெய் மாதிரி அறுக்கும்."

"பொறி பறக்கும். வீடு பூரா ஊரான் துணி. அதுவுமில்லாம அதப் பிடிக்க ரெண்டு கையும் வேணும். அவர்கிட்ட இருக்கிறது ஒண்ணேகால்."

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போய், உடைந்த சைக்கிள்களையும் தகர ஷீட்டுகளையும் நகர்த்தினான். அடியில் துருப்பிடித்த ஒரு உருப்படி கிடந்தது. கனத்த இரும்புப் படுக்கை, அதன்மேல் ஒரு வைஸ், வைஸுக்கு மேலே ஒரு பெரிய ரம்பச் சட்டம், பின்னால் மோட்டாரும் சக்கரமும்.

"பவர் ஹாக்ஸா அக்கா, மோட்டார்ல ஓடற ரம்பம். எங்கயோ பழைய தொழிற்கூடத்த இடிச்சப்ப வந்தது. சக்கரம் சுத்தினா அந்தச் சட்டம் முன்னும் பின்னும் போகும். இரும்ப மாட்டி சுவிட்சப் போட்டா அது பாட்டுக்கு அறுக்கும். அறுத்து முடிச்சா தானே நின்னுடும். நடுவுல மாமா டீ குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம், உன்கூடச் சண்டை போடலாம்."

"ஓடுமா?"

"இப்ப ஓடாது. ஓட வைக்கிற ஆள் உன் வீட்ல சும்மா உக்காந்திருக்கார்."

சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் "இதைச் சரிசெய்யுங்கள்" என்று நேராகச் சொன்னால் வேலைக்காகாது என்பது அக்காவுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். அதனால் தம்பி ஒரு நாடகம் போட்டான். வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து ஷெட்டில் இறக்கிவிட்டு, "மாமா, இத எடைக்கு உடைக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உள்ள அச்சு சுத்தற பித்தளை புஷ் இருந்தா மட்டும் கழட்டிக் குடுங்க, உங்களத் தவிர யாருக்குத் தெரியும்" என்றான்.

கேட்டுக்காரர் அரை மனதாக எழுந்து வந்தார். சுற்றி வந்தார். இடது கையால் சக்கரத்தை அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. குனிந்து, சட்டம் ஓடும் தடத்தில் நகத்தால் துருவைச் சுரண்டினார். உள்ளே பளிச்சென்று இரும்பு தெரிந்தது.

"இத உடைக்கப் போறியா? உனக்கு மூளை கீளை இருக்கா மாப்ள? தடம் தேயவே இல்லடா."

"அப்படியா மாமா?" என்று தம்பி வாயைப் பிளந்தான். நடிப்பு கொஞ்சம் அதிகம்தான். தையல்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கே நாற்காலி காலியானது. துருவேறிய நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகிக் கிடந்தது. தகரத் துண்டால் அதைச் சுரண்டி எடுக்கவே சில நாட்கள் ஆயின. பெல்ட்டைத் தொட்டதும் அது தூளாக உதிர்ந்தது. மோட்டாரை மட்டும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவரிடம் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் அவர் இடது கையாலேயே பார்த்தார். வலது கை ஏவல் வேலைக்கு: விளக்கைப் பிடிக்க, துணியால் துடைக்க, கழற்றிய திருகாணிகளைக் கிண்ணத்தில் போட. அறுத்து முடிந்ததும் மோட்டாரை நிறுத்தும் நெம்புகோல் வளைந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு, விரலால் தட்டித் தட்டி, 'டக்' என்று சுவிட்ச் விழும் சத்தத்தைச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த கேட் பெயின்ட்டை எடுத்துப் பச்சை அடித்தார். இடது கை வேலை, அங்கங்கே வழிந்தது. வேறு யாராவது அப்படி அடித்திருந்தால் மூன்று தலைமுறையையும் இழுத்திருப்பார்.

கடைசியில் ஒரு இடத்தில் தட்டியது. சட்டத்துக்கு அடியில் ஒரு சின்ன எண்ணெய்க் குழல். பிளேடு ஒரு பக்கம் போகும்போது இரும்பில் அழுந்தி அறுக்க வேண்டும், திரும்பும்போது வீணாக உரசாமல் கொஞ்சம் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தூக்கிவிடும் வேலை குழலிலிருந்த எண்ணெயினுடையது. எண்ணெய் ஒழுகாமல் அடைப்பது ஒரு தோல் வாஷர். அது மக்கிப் போயிருந்தது, அந்த அளவு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

தையல்காரம்மா பரணிலிருந்து தன் பழைய தோல்பையை இறக்கினாள். பிறகு தன் கத்தரிக்கோலை எடுத்தாள். அந்தக் கத்தரிக்கோல் துணியைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம். ஒருமுறை அதில் காகிதம் வெட்டிய மகனிடம் அவள் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. இப்போது அதே கத்தரிக்கோலால் பையின் அடித்தோலை வட்டமாக, பிசிறில்லாமல் வெட்டி, எண்ணெயில் ஊறவைத்துக் கொடுத்தாள். அவர் வாஷரைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "முனை மழுங்கிடும்மா" என்றார்.

"தீட்டிக் குடுங்க" என்றாள்.

எல்லாம் பூட்டி முடித்து, புது பிளேடு மாட்டி, ஒரு இரும்புக் கட்டையை வைஸில் இறுக்கி, கேட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார். தம்பியும் வந்திருந்தான். சட்டம் நகர்ந்தது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே. எண்ணெய் மினுங்க, கொஞ்சமும் தடங்கல் இல்லாமல் ஓடியது. தம்பி கையைத் தட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அறுக்கவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிளேடு ஓடிய இடத்தில் கட்டை பளபளவென்று மின்னியதே தவிர, கீறல் விழவில்லை. சட்டத்தின்மேல் கொஞ்சம் பாரம் தொங்கவிட்டார். இன்னும் பளபளத்தது. பிளேடு முனை மழுங்கிவிட்டது என்று வேறொன்று மாட்டினார். அதுவும் அப்படித்தான்.

தையல்காரம்மா மெதுவாகக் கேட்டாள். "பிளேடு சரியா மாட்டியிருக்கான்னு ஒரு தடவை பாருங்களேன். தையல் விழலன்னா நாங்க மொதல்ல ஊசியத்தான் பாப்போம்."

"ஏம்மா, நான் பிளேடு மாட்டின கணக்குக்கு நீ ஊசி கோத்திருக்க மாட்ட. பிளேடுல இருக்கிற அம்புக்குறி முன்னால பாக்கணும். பாக்குதா? அவ்வளவுதான். போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தாள். அவர் மெஷினைக் கழற்றினார், பூட்டினார், மறுபடி கழற்றினார். புஷ்ஷைச் சந்தேகப்பட்டார், பெல்ட்டைச் சந்தேகப்பட்டார், காயில் கட்டியவரைச் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட வேறு ஆள் இல்லாமல் போனதும் வீட்டு மனிதர்களிடம் வந்தார்.

"உன் வாஷர்தான் காரணம். பை தோலெல்லாம் மெஷினுக்கு ஆகுமா?" என்றார் அவளிடம்.

தம்பியிடம் சொன்னது இன்னும் மோசம். "உடைக்க வேண்டிய சனியன என் தலையில கட்டிட்டல்ல. நொண்டிக் கைக்கு நொண்டி மெஷின் போதும்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க."

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். கேட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பட்டறைக்காரர நாளைக்கு வரச் சொல்லிட்டேன். இதையும் சேத்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். மழையைச் சாக்குச் சொல்லவும் வழியில்லை, வானம் சுத்தமாக வெளுத்திருந்தது. அன்று அவள் தைத்த சட்டையில் ஓரம் நேராக வரவில்லை. பிரித்துத் தைத்தாள், மறுபடியும் கோணியது.

மறுநாள் காலையில் அவர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார், ஏதோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய மாதிரி. தையல்காரம்மா ஷெட்டுக்குப் போனாள். மெஷினைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் போகவில்லை. அவள் வெட்டின வாஷரைக் குறை சொல்லிவிட்டார், அது அவளுக்குத் தொண்டையில் முள் மாதிரி நின்றது. வாஷர் ஒழுகுகிறதா இல்லையா என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தையல் மெஷினில் கோளாறு வந்தால் அவள் மோட்டார் சுவிட்சைத் தொடவே மாட்டாள். பக்கத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுவாள். ஊசி எங்கே இறங்குகிறது, நூல் எங்கே சிக்குகிறது என்று வேகத்தில் தெரியாததெல்லாம் அப்போது தெரியும். இங்கேயும் அதையே செய்தாள். பெல்ட் ஓடும் பெரிய சக்கரத்தைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினாள்.

எண்ணெய் ஒழுகவில்லை. வாஷர் கல்லு மாதிரி இருந்தது. சட்டம் மோட்டாரை விட்டு வெளிப்பக்கமாகப் போனபோது பிளேடு ஒரு நூல் அளவு மேலே தூக்கிக்கொண்டது. மோட்டார் பக்கமாக இழுபட்டு வந்தபோது இறங்கி, கட்டையை அழுத்தியது. மறுபடி சுற்றினாள். போகும்போது தூக்கியது, வரும்போது அழுத்தியது.

அவள் பிளேடின் பல்லில் விரலை வைத்துத் தடவினாள். ஒரு பக்கம் தடவினால் வழுவழு, மறுபக்கம் தடவினால் விரலைப் பிடித்தது. எல்லாப் பல்லும் வெளிப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தன. மெஷின் அழுத்துவது உள்பக்கம் வரும்போது. ஒவ்வொரு முறையும் பல்லின் முதுகுதான் இரும்பைத் தடவிக்கொண்டு வருகிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. கை ரம்பம் என்றால் தள்ளும்போது அறுக்கும். இவர் வாழ்நாள் முழுக்கத் தள்ளியே அறுத்தவர். அதே மாதிரி இதிலும் அம்பை முன்னால் பார்க்க வைத்து மாட்டிவிட்டார். இந்த மெஷினோ இழுக்கும்போது அறுக்கும் ஜாதி. எல்லாவற்றையும் கழற்றிச் சந்தேகப்பட்ட மனிதர், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிளேடைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, "எதுக்கும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். மெஷின் தானாகச் சரியான மாதிரி இருக்கும், அவர் மரியாதைக்கும் பங்கமில்லை. ஆனால் அப்போது வாஷரும் தம்பியும் கடைசிவரை குற்றவாளிகளாகவே நின்றுவிடுவார்கள். அவ்வளவு பெரிய மனசு அவளுக்குக் கிடையாது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

"பட்டறைக்காரர் வந்துட்டாரா?"

"வரலை. நீங்க வாங்க."

வந்தார். சட்டையில் அழுக்குப் படாமல் வாசலிலேயே நின்றார்.

"இந்தச் சக்கரத்தச் சுத்துங்க. மெதுவா. வலது கையால."

"அந்தக் கை எதுக்கு ஆகும்?"

"இதுக்கு ஆகும். பலமே வேண்டாம். பிளேடு எங்க தொடுது, எங்க தூக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

பிடிவாதம் பிடித்தால் பேச்சு நீளும் என்று நினைத்தாரோ என்னவோ, சக்கரத்தின்மேல் கையை வைத்தார். அவரே கிரீஸ் போட்ட சக்கரம், விரல் பட்டதும் சுற்றியது. "வரும்போது தொடுது" என்றார் சலிப்பாக. "போகும்போது தூக்கு..."

பாதியில் நிறுத்தினார். மறுபடி சுற்றினார். குனிந்து, கண்ணைப் பிளேடுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு தடவை சுற்றினார். அவர் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

"தள்ளும்போதுதானேம்மா அறுக்கணும்?" என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போன்ற குரலில்.

"நீங்க தள்ளுவீங்க. இது இழுக்குது."

அவர் மெஷின் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார், நல்ல சட்டையோடு, கிரீஸின்மேல். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவளுக்குப் பகீரென்றது. சிரித்துக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"உன் வாஷர் ரொம்ப ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும்மா" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் மாட்டின தப்புப் பிளேட ஒவ்வொரு தடவையும் பத்திரமாத் தூக்கித் தூக்கி விட்டிருக்கு."

"தம்பிகிட்ட யார் சொல்றது?"

"நான்தான் சொல்லணும். போன எடு."

போனில் அவர் நீட்டி முழக்கவில்லை. "மாப்ள, எடைக்குப் போட வேண்டியது மெஷின இல்லடா, என்னத்தான்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் தள்ளி நின்ற அவளுக்கே கேட்டது. "என் தராசு தாங்காது மாமா. அக்கா ஏற்கெனவே சொல்லிட்டா." அவ்வளவுதான், சமாதானம் முடிந்தது.

மழுங்கியதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னொரு புதிய பிளேடை அம்பு மோட்டாரைப் பார்க்கும்படி மாட்டினார்கள். நட்டை இறுக்க வலது கை போதவில்லை. அவர் பிளேடைப் பிடித்துக்கொள்ள, அவள் ஸ்பேனரைப் பிடித்து இறுக்கினாள். "நல்லா இறுக்கும்மா, பாபின் இல்ல அது, இன்னும் ஒரு இழு" என்று அவர் அதிகாரம் செய்தார். குறை சொல்லும் குரல். அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளிக்காட்டிக்கொள்ளாமல் இன்னொரு இழுப்பு இழுத்தாள்.

சுவிட்சைப் போட்டார். இந்த முறை சத்தமே வேறாக இருந்தது. பழைய சர்ரக், சர்ரக்தான், ஆனால் நிதானமாக, களைப்பில்லாமல். கட்டையின் கீழே இரும்புத்தூள் சிந்தத் தொடங்கியது.

பட்டறைக்காரர் வண்டியோடு வந்து சேர்ந்தபோது பிளேடு கட்டையில் பாதி தூரம் இறங்கியிருந்தது. அவர் உள்ளே வந்து வைஸைப் பார்த்தார், ஓடும் மெஷினைப் பார்த்தார், அதன் இருபுறமும் காவல் நிற்பது போல நின்ற புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"அப்ப வைஸ் குடுக்கிறதா இல்லையா?"

"வைஸா? அத எதுக்குக் குடுக்கணும்?" என்றார் கேட்டுக்காரர், அப்படி ஒரு பேச்சையே கேள்விப்படாதவர் மாதிரி. "உக்காருங்க. துண்டு விழறதப் பாத்துட்டு, டீ குடிச்சுட்டுப் போங்க."

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கட்டையின் கடைசி இழை அறுந்து துண்டு கீழே விழுந்தது, சட்டம் இறங்கி நெம்புகோலைத் தொட்டது, 'டக்' என்று மோட்டார் நின்றது. பட்டறைக்காரர் துண்டை எடுத்து அறுத்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "என் கடைக் கம்பியும் கொஞ்சம் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டார். வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நடந்த பிறகு மறுபடி கேட் வேலை வரத் தொடங்கியது. அளவெடுப்பதும் அறுப்பதும் இவர் பொறுப்பு, தூக்கி மாட்டுவது பட்டறைக்காரரின் ஆட்கள் பொறுப்பு. வெல்டிங் இடது கையால் பழகிக்கொண்டிருந்தார், மேடு பள்ளமாகத்தான் வந்தது. நாற்காலி காலியாகிவிட்டது. தையல்காரம்மா தன் முன்னறை தனக்கே திரும்பக் கிடைத்ததாக நினைத்தாள். அவளுடைய திட்டமே அதுதானே, மனிதரை எப்படியாவது ஷெட்டுக்குத் திருப்பி அனுப்புவது.

ஆனால் ஒன்றை அவள் யோசிக்கவில்லை. கையால் அறுக்கும்போது அறுத்து முடியும்வரை அவர் அங்கேயே நின்றாக வேண்டும். இந்த மெஷினுக்கு ஆள் வேண்டாம். முதல் சில நாட்கள் அவர் அதன் பக்கத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு ஒருநாள் கம்பியை மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, சமையலறை வழியாக முன்னறைக்கு வந்தார். மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கினார். சுவர்ப் பக்கம் அல்ல, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்.

"என்ன, வேலை இல்லையா?" என்றாள் அவள்.

"ஓடிட்டு இருக்கு. அது பாட்டுக்கு அறுக்கும்."

அவள் ஒரு நீளமான திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். துணி கனம், மறுமுனை தரையில் இழுபட்டது. அவர் குனிந்து அதை எடுத்து, வலது கையில் வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டார். துணியைப் பிடிக்க அந்தக் கைக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. அவள் மெஷினை ஓட்ட ஓட்ட, அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் துணியை விட்டுக்கொடுத்தார். இது யார் வீட்டுத் திரை என்று கேட்டார். சொன்னாள். அந்த வீட்டு ஜன்னல் கம்பியும் தன் கைவேலைதான் என்றார். ஜன்னல் கொஞ்சம் கோணல், அதனால்தான் ஒரு பக்கம் நீளம் அதிகம் வைக்க வேண்டியிருக்கிறது என்று அவள் சொன்னாள். கோணல் ஜன்னல் இல்லை, சுவர் என்றார். இருக்கும், இருக்கும் என்றாள். பின்னாலிருந்து சர்ரக், சர்ரக் என்று அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் கேட்கும்போது அவர் அவள் பக்கத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை. இதற்காகத்தான் இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோமா என்று அவளுக்குத் தோன்றியது. மெஷினின் வேகத்தை அவள் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

ஷெட்டிலிருந்து 'டக்' என்று கேட்டது. சத்தம் நின்றது.

"நின்னுடுச்சுங்க" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். எழுந்துவிடுவார், இனி அடுத்த கம்பி.

அவர் கையிலிருந்த துணியை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

"நின்னா நிக்கட்டும். நீ இந்த ஓரத்த முடி."